தேக்கந்தோட்டத்த வெட்டினது பிழையில்ல, வெட்டின விதம்தான் பிழை

படுவான்கரையான்:
மட்டக்களப்புப் படுவான்கரையில எங்கட ஊருக்கு அங்கால இரிந்த தேக்கந்தோட்டத்த போன கோடையில ஒரேயடியா வெட்டித்தாங்கள். வெட்டினது பிழையெண்டு நான் சொல்ல வரல்ல, அத முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டா மரத்தப்பத்தி எங்க கதைச்சாலும் ஒரு பக்கம் "காட்டுல கை வைக்காத" எண்டும் மத்தப் பக்கம் "சனம் பிழைக்க வேணாமா" எண்டும் ரெண்டாப் பிரிஞ்சி சண்டைதான் நடக்கி. தேக்கு நடுறதே வெட்டுறத்துக்குத்தான். எனக்கு வயிறு எரியிறது அந்த நிலம் இப்ப கிடக்கிற கிடையப் பார்த்துத்தான்.

வெட்டின மரத்துட அடிக்குத்தியெல்லாம் முழங்காலுக்கு மேல நிக்கி. தேக்குல அடிமரம்தான் மொத்தம், அதுலதான் வைரம் கூட, குனிஞ்சி வெட்டப் பஞ்சிப்பட்டு அந்தப் பங்க அப்பிடியே மண்ணோட உட்டுத்துப் போயிரிக்காங்கள். சாய்க்கிற பக்கம் பார்க்காம சாய்ச்சதால ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து நடுவுல பிளந்த மரம் எத்தின. பிளந்தது எடுபடாதெண்டு அதையும் விட்டாச்சி. ஏத்த முடியாமப்போன குத்திகள் மாரி மழையில நனைஞ்சி ஓரத்து வெள்ளை மரம் முழுக்கப் பூச்சி துளைச்சிக் கிடக்கு. கொப்பு, சுள்ளி எல்லாத்தையும் குவிச்சி கச்சான் காத்து அடிக்கிற நேரம் பார்த்து நெருப்பு வச்சதுல பக்கத்துல இரிந்த வீரை, பாலை மரக் காட்டுக்குள்ளயும் தீ போய்த்து. இதுல என்ன கொடுமையெண்டா, அங்க இரிந்து கொஞ்சத் தூரத்துலதான் செங்கல் சூளைகள் இரிக்கி, அவங்க காசு குடுத்து லோட் லோடா வெளியால இரிந்து விறகு இறக்குறாங்கள். அந்த விறகு எந்தக் காட்டுல இரிந்து வருகுதெண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல.

மறுகா ஓடை. உழவு மெசினால இழுக்கிறத்துக்கு வசதியெண்டு ஓடைக்குள்ளாலயே பாதை போட்டு, கரையில நிண்ட மருத மரங்களையும் சேத்து வெட்டித்தாங்கள். அந்த ஓடைத் தண்ணி கீழ குளத்துக்குத்தான் போகுது. மாரி முழுக்க சிவத்தத் தண்ணி. ஒரு கண்டு நடல்ல. இது யார்ர கொன்ராக்ட், எந்தக் கந்தோர் எண்டு இஞ்ச எழுத விருப்பமில்ல, எழுதினா கதை வேற பக்கம் போயிரும். வெட்டுற முறையப்பத்திக் கதைக்கத்தான் இத ஆரம்பிச்சன்.

சூரிச்_களுதாவளை:
அண்ணன், வாசிக்கவே கஸ்டமா இரிந்திச்சி. ஆனா ஒரு விசயம் கேக்கிறன், ஒரேயடியா வெட்டுறதே பிழையெண்டு ஏன் சொல்ல மாட்டீங்க? நான் இரிக்கிற சுவிஸ்ல மொத்தமா வெட்டுறது சட்டத்தாலயே தடை. 1991ம் ஆண்டு வனச்சட்டத்துல 22ம் பிரிவு. இது இண்டைக்கு நேத்து வந்த யோசனையும் இல்ல, 1868ல பெரிய வெள்ளம் வந்து மலையடி ஊரெல்லாம் அழிஞ்ச பிறகு, மலைக்காட்ட மொட்டையடிச்சதுதான் காரணமெண்டு யோசிச்சி 1876லயே முதல் சட்டம் கொண்டந்தாங்கள். இப்பயும் மரம் வெட்டுறாங்கள், நல்லாவே வெட்டுறாங்கள், ஆனா எந்த மரமெண்டு வன உத்தியோகத்தர் பார்த்து அடையாளம் போட்ட பிறகுதான். இஞ்ச ஏலுமெண்டா அங்க ஏன் ஏலாது?

ஓடாவி_அக்கரைப்பற்று:
சலாம். நான் முப்பது வருசத்துக்கு மேல மர வேல செய்றன், வாப்பாவும் ஓடாவிதான். தம்பி சூரிச்சுக்கு ஒண்டு சொல்லணும். பொறுக்கி வெட்டுறது எல்லா இடத்துலயும் நல்லதில்ல. எங்கட பக்கம் காட்டுல களவா வெட்டுறவன் பொறுக்கித்தான் வெட்டுறான். முதிரையில நல்ல நேரான மரம், கருங்காலியில வைரம் பாஞ்ச மரம், அத மட்டும் எடுத்துத்து கோணலும் பொக்கும் விட்டுத்துப் போறான். பிறகு அந்தக் காட்டுல விதை போடுறது எது? அந்தக் கோணல் மரம்தான். நெல்லுல நல்ல மணியெல்லாம் தின்னுபோட்டு பதர விதைக்கு வச்ச மாதிரி. வெளியால இரிந்து பார்த்தா காடு நிக்கி, உள்ளுக்குப் போனா ஒரு கதவுநிலை செய்றத்துக்கு மரமில்ல. அடையாளம் போட்டு வெட்டுறத்துக்கு அடையாளம் போடுற ஆள் நேர்மையா இரிக்கணும், விதைமரத்த விட்டுவைக்கணும்.

மறுகா படுவான்கரையான் காக்கா சொன்ன அடிக்குத்தி விசயம். கணக்கு ஒண்டு போட்டுக் காட்டுறன். எங்கட ஊர் அளவையில சுத்தளவ நாலாப் பிரிச்சி, அத தன்னால பெருக்கி, நீளத்தால பெருக்குவம். சுத்து 4 அடி மரமெண்டா நாலுல ஒண்டு 1 அடி. அப்ப ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 1 கன அடி. அடிக்குத்தியில தேவையில்லாம ஒண்டர அடி விட்டா ஒரு மரத்துக்கு ஒண்டர கன அடி போச்சி, 100 மரத்துக்கு 150 கன அடி. அதுவும் மரத்துல ஆகத் திறம் பங்கு. அதுல எத்தின கதவு, எத்தின கட்டில்!

இன்னம் இரிக்கி. காட்டுக்குள்ளயே செயின்சோவால பலகை அரியிறாங்களே, அதுதான் எனக்கு ஆக ஆத்திரம். செயின் ஒரு வாட்டி போனா அரை இஞ்சிக்குக் கிட்ட தூளாப்போகும். எட்டு ஒரு இஞ்சிப் பலகை எடுக்கிறத்துக்குள்ள மூணு பலகை மண்ணுல தூளாக் கிடக்கும். நல்ல பட்டி வாள் மில்லுல அரிஞ்சா அதே எட்டுப் பலகைக்கு ஒரு பலகை கூடத் தூளாகாது. பலகையும் நேரா வராது, தடிப்பு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைஞ்சி, நாங்க சீவிச் சீவி இன்னம் ஒரு பங்கு சீவலாப் போகும். களவு மரமெண்டா மில்லுக்குக் கொண்டு போக ஏலாது, அதாலதான் காட்டுக்குள்ளயே அரியிறான். களவுக்கு மேல வீண்.

படுவான்கரையான்:
காக்கா சொன்னது உண்மை. சூரிச் தம்பிக்கும் பதில் சொல்லுறன். சுவிஸ்ல இரிக்கிறது பெரும்பாலும் மலைக்காடு, அங்க நிக்கிற பீச், சில்வர் ஃபேர் போல மரமெல்லாம் நிழலுக்குள்ள முளைச்சி மெதுமெதுவா மேல வரும். தேக்கு அப்பிடியில்ல, நிழல் கொஞ்சமும் தாங்காது. பெரிய மரத்துக்குக் கீழ தேக்கங்கண்டு நட்டா விரல் மொத்தத்துலயே நிண்டு செத்துப்போகும். வயசு ஒண்டான தோட்டத்துல நடுவுக்குள்ள அங்கொண்டு இஞ்சொண்டா வெட்டி அந்த ஓட்டையில நட்டாலும் வராது. ஆனபடியா நட்ட தேக்க, அதுட காலம் வந்தா, துண்டு துண்டா, அந்தந்தத் துண்ட முழுசா வெட்டி வெயில் விழ விட்டு நடுறதுதான் சரி. சவுக்குக்கும் இதே கதைதான்.

ஆனா இது நட்ட தோட்டத்துக்கு மட்டும். முதிரை, பாலை, வீரை நிக்கிற எங்கட உலர்காட்டுல ஒரேயடியா வெட்டுற கதையே எடுக்கப்படாது. பாலை ஒண்டு பெரிசாக நூறு வருசத்துக்கு மேல எடுக்கும். அத வெட்டித்து என்னத்த நடுற? பாலைப்பழத்துக்கு ஆசைப்பட்டு கொப்போட வெட்டி இறக்குறவங்களையே நான் பேசுறனான், அடுத்த வருசம் பழமும் இல்ல, கரடிக்கும் சாப்பாடு இல்ல. இயற்கைக் காட்டுல மரம் வெட்டுறத 1990ல அரசாங்கம் நிப்பாட்டினது நல்ல விசயம். அந்தத் தடை நிக்கணுமெண்டா நட்ட மரத்துல ஒரு துண்டும் வீணாகப்படாது. தோட்டத்துல வீணாக்கின ஒவ்வொரு கன அடிக்கும் பதிலா எங்கயோ ஒரு முதிரை களவாப் போகும், ஏனெண்டா நிலையும் கதவும் சனத்துக்கு வேணும்தானே.

கல்லோயா_இடதுகரை:
தம்பிமார், வயசுல மூத்தவன் எண்டபடியா பழைய கதை ஒண்டு சொல்லுறன். 1949ல கல்லோயா அபிவிருத்திச் சபை வந்த பிறகு இஞ்ச பெரிய மெசினுகளால காட்ட வழிச்ச வழிப்ப எங்கட அப்பா ஆக்கள் கண்ணால கண்டவங்கள். சேனாநாயக்க சமுத்திரமெண்ட பெரிய குளம் கட்டுப்பட்டு, வாய்க்கால் வந்து, அம்பாறை வயலாச்சி, அந்த நெல்ல நாங்களும் திண்டுதான் வளந்தம், அத மறுக்க ஏலாது. ஆனா வழிச்ச மரத்துல எடுத்தது கொஞ்சம், குவிச்சி எரிச்சதுதான் கூட எண்டு அப்பா சாகிறவரைக்கும் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டவர். முதிரையும் பாலையும் நாள்க்கணக்கா எரிஞ்சதாம். அவங்களுக்கு நிலம்தான் வேணும், மரம் இடைஞ்சல். மேல காடு போனா சமுத்திரம் மண்ணால மூடிரும் எண்டும் யோசிச்சவங்க இரிந்தாங்கதான், இல்லாட்டி 1954ல கல்லோயா தேசிய வனமெண்டு நீரேந்து பகுதிய ஒதுக்கியிரிக்க மாட்டாங்கள். அந்த யோசனை வந்த அதே காலத்துல மரத்தச் சும்மா எரிச்சதுதான் எனக்கு விளங்காத விசயம்.

மறுகா 78 புயல். நவம்பர் 23. மட்டக்களப்புல தென்னையும் காடும் ஒரு ராவுல படுத்துத்து. விழுந்த மரம் கண்ணுக்கெட்டின தூரத்துக்குக் கிடந்திச்சி. அப்ப வீடு கட்ட மரமில்லாம சனம் அந்தரப்பட்ட நேரத்துல, விழுந்த மரத்த நேரத்துக்கு எடுக்க ஆளுமில்ல பாதையுமில்ல, மாரித் தண்ணிக்குள்ள கிடந்து உக்கிப்போச்சி. விழுந்தத முழுசாத் துப்பரவாக்கி எடுக்கிறதும் ஒரேயடியா வெட்டுறதுதான், அதுக்கு ஒருத்தரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டாங்கள். நேரத்துக்குச் செய்யணும், அவ்வளவுதான்.

வந்தாறுமூலை_மாணவி:
ஐயா, உங்கட அனுபவத்த எழுதினதுக்கு நன்றி. ஓடை விசயம் கதைச்சதால நான் படிச்ச ஒண்டச் சொல்லுறன். அமெரிக்காவுல நியூ ஹாம்ஷயர்ல ஹப்பார்ட் புரூக் எண்டு ஒரு ஆய்வுக் காடு இரிக்கி. 1965 கடைசியில ஒரு சின்ன நீரேந்து பகுதியில எல்லா மரத்தையும் வெட்டி, ஒரு துண்டும் வெளியால எடுக்காம அப்பிடியே போட்டு, பிறகு மூணு வருசம் களைகொல்லி அடிச்சி ஒண்டும் முளைக்க விடாமப் பார்த்தவங்கள். முதல் வருசமே ஓடைத் தண்ணி 40 வீதத்துக்குக் கிட்ட கூடினது, மண்ணுல இரிந்த நைட்ரேட் சத்து பெருவாரியாக் கழுவிப்போச்சி. அங்க கவனிக்க வேண்டியது என்னெண்டா, வெட்டினதோட சேத்து திரும்ப முளைக்க விடாததுதான் பெரிய பாதிப்பு. மண்ணுல பச்சை வந்த பிறகு இழப்பு குறைஞ்சித்து. அப்ப படுவான்கரையான் அண்ணன் சொன்ன தோட்டத்துல நடாம விட்டதும் ஓடைக்கரைய வெட்டினதும்தான் குளத்துக்கு ஆபத்து, வெட்டு மட்டுமில்ல.

தேக்குல இன்னொரு பிரச்சினையும் இரிக்கி. இலை பெரிசு, மழை அதுல சேந்து பெரிய பெரிய துளியா விழும், கீழ புல்லோ பத்தையோ இல்லாட்டி அந்தத் துளியே மண்ணக் கிளறிப்போடும். வருசா வருசம் சருகு எரியிற தேக்கந்தோட்டத்துல நிலம் வழிச்சுவிட்ட மாதிரி இரிக்கிறது அதாலதான். மரம் நிக்கிறபோதே மண் போகுது எண்டு விளங்கினா, வெட்டாம வச்சிரிந்தா எல்லாம் சரியெண்டு சொல்ல ஏலாது.

அமெரிக்காவுலயும் ஒரு காலத்துல பெரிய சண்டை நடந்ததுதான். பிட்டர்ரூட் காட்டுல மலைச்சரிவ படிபடியா வெட்டி மொட்டையாக்கினதப் பத்தி 1970ல பேராசிரியர் போல் தலைமையில ஒரு அறிக்கை வந்திச்சி, 1975ல மொத்தமா வெட்டுறத எதிர்த்துப் போட்ட மொனொங்ககேலா காட்டு வழக்குல தீர்ப்பு, 1976ல தேசிய வன முகாமைச் சட்டம். அந்தச் சட்டத்தோட வந்த விதியில அரச காட்டுல ஒரே துண்டா வெட்டுற அளவுக்கு எல்லை வச்சாங்கள், பொதுவா 40 ஏக்கர், மேற்குப் பக்கம் டக்ளஸ் ஃபேர் மரத்துக்கு 60 ஏக்கர், அலாஸ்கா கரையோரத்துல 100. இங்க எங்கட சின்ன ஓடைகளுக்கு 40 ஏக்கரே கூட எண்டுதான் நான் நினைக்கிறன்.

டொரோண்டோ_கல்லாறு:
தங்கச்சி நல்லா எழுதியிரிக்கா. கனடாவுல இரிந்து ரெண்டு பக்கத்தையும் பார்த்தவன் எண்டு சொல்லுறன். பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் போனா வெட்டின இடத்துல வீடு உயரத்துக்குக் கழிவு மரம் குவிச்சி வச்சிரிப்பாங்கள், அத இலையுதிர் காலத்துல கொளுத்துவாங்கள். நல்ல விறகு, கடதாசி செய்யலாம், பலகை செய்யலாம், ஆனா ஏத்திக்கொண்டு போற செலவு கூடவாம், அதால புகையாப் போகுது. பணக்கார நாட்டுலயும் இந்த வீண் இரிக்கி.

அதே நேரம் மிச்சிகன்ல ஜாக் பைன் எண்டு ஒரு மரம், அது காட்டுத்தீயில எரிஞ்சாத்தான் காய் வெடிச்சி விதை கொட்டும். கேர்ட்லண்ட் வார்ப்ளர் எண்டு ஒரு சின்னக் குருவி, இளம் ஜாக் பைன் பத்தைக்குக் கீழ நிலத்துலதான் கூடு கட்டும், மரம் வளந்துட்டா அங்க இரிக்காது. தீய அணைச்சி அணைச்சி வந்ததால இளங்காடு இல்லாமப்போய், 1974லயும் 1987லயும் எண்ணினப்ப 167 ஆண் குருவிட பாட்டுத்தான் கேட்டிச்சாம். மறுகா என்ன செஞ்சாங்கள், கிழட்டுக் காட்டத் துண்டு துண்டா மொத்தமா வெட்டி, அதுல ஜாக் பைன் நட்டு, இடையில சின்னச் சின்ன வெளியும் விட்டாங்கள். குருவி ஆயிரக்கணக்குல திரும்பி, 2019ல அழிஞ்சிபோற பட்டியல்ல இரிந்தே எடுத்துத்தாங்கள். ஒரேயடியா வெட்டினதும் ஒரு உசிர் தப்ப உதவினது. எங்க, எந்த மரத்துல, வெட்டின பிறகு என்ன செய்றம் எண்டதுலதான் எல்லாம் இரிக்கி.

யானைவேலிக்காரன்:
நான் அம்பாறைப் பக்கம் விவசாயி. நீங்க எல்லாரும் படிச்ச கதை கதைக்கிறீங்க, நல்லதுதான். ஆனா பெரிய துண்டா ஒரே நேரத்துல வெட்டினா அங்க இரிந்த யானை எங்க போகும்? நேரா எங்கட வயலுக்கு. பிறகு வெட்டின இடத்துல கினிப்புல் ஆள் உயரத்துக்கு வரும், அதத் திண்ண திரும்ப யானை வரும், அப்பயும் வழி எங்கட ஊருக்குள்ளாலதான். வெட்டுறத்துக்கு முதல் பக்கத்து ஊர்ச் சனத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா எண்டு கேளுங்க. வேலி எந்தப் பக்கம், யானைப் பாதை எந்தப் பக்கம் எண்டு எங்களுக்குத்தான் தெரியும்.

வாகரை_வாசகன்:
எனக்கு இந்த இழையில ஒரு பயம் இரிக்கி, அதச் சொல்லிப்போடுறன். "பொறுப்பா மொத்தமா வெட்டலாம்" எண்டு நீங்க நல்ல மனசோட எழுதுறத நாளைக்கு வேற ஆக்கள் தூக்கிப்பிடிப்பாங்கள். 2001ம் ஆண்டு 5ம் இலக்கச் சுற்றுநிருபத்தால வன இலாகாவுக்குக் கீழ வந்த எஞ்சிய காடுகள, அதாவது காப்புக்காடெண்டு அறிவிக்காத மத்த அரச காடுகள, 2020ல திரும்ப பிரதேச செயலாளர்மார்ட கையில குடுக்க முடிவெடுத்தது எல்லாருக்கும் ஞாபகமிரிக்கும். காரணம் என்ன சொன்னாங்கள், சேனைப்பயிர், சோளம், பொருளாதாரம். அந்தக் காடுகள் பார்க்கப் பத்தை மாதிரித்தான் இரிக்கும், "இது காடே இல்ல, வெட்டினா என்ன" எண்டு லேசாச் சொல்லிருவாங்கள். ஆனா அதுக்குள்ளதான் மாடு மேயுது, தேன் எடுக்கிறது, விறகு பொறுக்கிறது, யானை போறது எல்லாம். சோளம் ரெண்டு போகம் போட்டுத்து நிலத்த விட்டுருவாங்கள், காடு வராது. அப்ப உங்கட கதையில எல்லைய நல்லா அழுத்திப்போடுங்க.

படுவான்கரையான்:
வாகரைத் தம்பி பயப்பிடுறது நியாயம், அதுக்கு நேராப் பதில் சொல்லுறன். ஆள் நட்ட தோட்டத்துக்கு வெளியால ஒரு அடி கூட இந்தக் கதை செல்லாது. எஞ்சிய காடு, குளத்துக்கு மேல இரிக்கிற காடு, ஓடைக்கரை, யானைப் பாதை, ஒண்டும் சேராது. சோளத்துக்குக் காட்ட வழிக்கிறது மரம் வெட்டுறதே இல்ல, அது காட்ட அழிக்கிறது, ரெண்டையும் ஒரே தராசுல போடுறவங்களுக்குத்தான் லாபம்.

தோட்டத்துல வெட்டினா எப்பிடி வெட்டணுமெண்டு எனக்கு ஒரு நினைப்பு இரிக்கி, எல்லாரும் பார்த்துத் திருத்துங்க. மாசி கடைசியில மழை விட்ட பிறகு தொடங்கி ஆடிக்கு முதல் ஏத்தி முடிச்சிரணும், புரட்டாதிக்குள்ள குழி வெட்டி, ஐப்பசி மழையோட கண்டு இறக்கணும், இந்தக் கணக்குப் பிசகினா ஒரு வருசம் நிலம் சும்மா கிடந்து மண் போகும். ஒரே நேரத்துல பெரிய துண்டு வேணாம், ஒரு துண்டுல நட்டது இடுப்பு உயரத்துக்கு வந்த பிறகுதான் பக்கத்துத் துண்டுல கை வைக்கணும், அப்ப யானைக்கும் ஒதுங்க இடமிரிக்கும். ஓடைக்கு ரெண்டு பக்கமும் மருதும் பத்தையும் தொடாம ஒரு பட்டி விடணும், மெசின் ஓடைக்குள்ள இறங்கவே கூடாது. தோட்டத்துக்குள்ள தானா முளைச்ச முதிரை, பாலை, வேம்பு நிண்டா அது அப்பிடியே நிக்கட்டும், அதுலதான் பறவை வந்து குந்தும். அடிக்குத்தி கணுக்கால் உயரம், அதுக்கு மேல விட்டா காசு வெட்டணும், ஆக்கள் குனிஞ்சி வெட்டுவாங்கள். கொப்பும் சுள்ளியும் கிட்ட இரிக்கிற ஊருக்கு முதல்ல, பிறகு சூளைக்கு, மிச்சம் சின்னச் சுள்ளியும் இலையும் சரிவுக்குக் குறுக்கால வரிசையாப் போட்டா மண்ணத் தடுக்கும், உக்கி உரமாகும், நெருப்பு வைக்கவே கூடாது. ஊர்ல கடன்காரனுக்குப் பயந்து இரிக்கிற சனம் எத்தின, அந்த விறக வெட்டிக் கட்டி வித்தாலே நாலு குடும்பத்துக்கு ஒரு கோடைக்கு வேலை. அத எரிச்சிப்போட்டு என்ன காணப்போறம்?

ஓடாவி_அக்கரைப்பற்று:
இதுல மெல்லிசுக் குத்திகளையும் சேருங்க காக்கா. கை மொத்தத்துத் தேக்குல கைமரம் வராட்டியும் கதிரைக் கால், கட்டில் சட்டம், ரீப்பை எல்லாம் எடுக்கலாம். முந்தி நாங்க அதக் கழிச்சதுதான், இப்ப மரம் விக்கிற விலைக்கு சின்னத்துண்ட ஒட்டிப் பலகையாக்குறாங்கள். மரக்காலையில சின்னக்குத்திய தனிக் குவியலாப் போட்டு எங்கள மாதிரிச் சின்ன ஆக்களுக்கு வித்தா வாங்க நாங்க இரிக்கம். பெரிய லொட்டு எடுக்க எங்கள்ட்ட காசில்ல, அதாலதான் எங்களுக்கு வாறதும் களவு மரம்தான் எண்டு ஆகுது.

சூரிச்_களுதாவளை:
தேக்கு நிழல் தாங்காது எண்டத ஏத்துக்கொள்றன். ஆனா எனக்கு இன்னும் ஒரு மனக்குறை இரிக்கி, நூறு வருசத்துக்கும் தேக்கு மட்டும்தான் நடணுமா? வெட்டின துண்டுல ஒரு பங்குக்கு முதிரை, சவண்டலை, வேம்பு கலந்து நட்டா, எங்கட பேரப்பிள்ளைகள் காலத்துலயாவது பொறுக்கி வெட்டுற மாதிரி ஒரு காடு வரும்தானே. அங்கால ஓடைப்பட்டியில இரிந்து தொடங்கலாம்.

படுவான்கரையான்:
அது நல்ல யோசனை தம்பி, முதிரைக் கண்டு எடுக்கிற இடம்தான் பிரச்சினை. விதை நானே பொறுக்கித் தாறன், நாத்து மேடை போட ஆள் வேணும்.

வந்தாறுமூலை_மாணவி:
நாத்து மேடைக்கு எங்கட பக்கம் பிள்ளைகள் கொஞ்சப் பேர் வருவம் அண்ணன். அதுக்கு முதல் அந்தத் தோட்டத்துல உடன செய்யக்கூடிய வேலை ஒண்டு இரிக்கி. தேக்கு வெட்டின அடிக்குத்தியில இரிந்து திரும்பத் துளிர்க்கும். நீங்க சொன்ன இடத்துல இப்ப ஒவ்வொரு குத்தியிலயும் நாலஞ்சி துளிர் வந்திரிக்கணும். எல்லாத்தையும் விட்டா ஒண்டும் மரமாகாது. நிலத்தோட ஒட்டி, கீழ இரிந்து வாற நேரான துளிர் ஒண்ட மட்டும் விட்டு மிச்சத்த மாரிக்கு முதல் கழிச்சா, பழைய வேர்ட பலத்துல கண்டு நட்டத விட வேகமா வரும். உயரமா வெட்டின குத்தியில மேல இரிந்து வாற துளிர் காத்துக்கு முறிஞ்சிரும், அத விடாதீங்க. ஆனா யார்ர நிலமோ அவங்கள்ட்ட எழுத்துல கேட்டுத்துத்தான் கை வைக்கணும்.

ஓடாவி_அக்கரைப்பற்று:
கடிதம் குடுக்கிற நாள் சொல்லுங்க, நானும் வாறன். குத்தி ஒவ்வொண்டையும் அளந்து, எத்தின கன அடி வீணாப்போச்சி எண்டு கணக்கோட எழுதிக் குடுப்பம். அளக்கிற டேப் எங்கிட்ட இரிக்கி.

படுவான்கரையான்:
வாற ஞாயிறு காலையில வாங்க காக்கா, வெயில் ஏற முதல் தொடங்குவம். யானைவேலிக்காரன், உங்களுக்கும் ஏலுமெண்டா வந்து யானைப் பாதை எதுக்குள்ளால போகுதெண்டு காட்டுங்க, அதையும் கடிதத்துல சேக்கணும்.